காயத்தை மூடுதல்: ஊவாத் தோட்டப்புறச் சத்திர சிகிச்சை வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

குருதி பெருகும் இழையங்களைத் தையலின்றி ஒட்டுதற்கும், உடலைப் பெரிதாகத் திறவாது உள்ளே செலுத்தப்படும் சத்திர சிகிச்சைக் கருவிக்கு வழிகாட்டுதற்கும் நனோத் துணிக்கைகளைப் பயன்படுத்தும் ஆய்வுகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விரைந்து வளர்ந்து வந்துள்ளன. ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர் எனப்படும். ஒன்று முதல் நூறு நனோமீற்றர் வரையான பருமனுடைய துணிக்கைகள், தாம் ஆக்கப்பட்ட பொருள் பேருருவிற் காட்டாத இயல்புகள் பலவற்றைக் காட்டுகின்றன. இவற்றின் வரலாறு பொதுவாக மேலைநாட்டு ஆய்வுகூடங்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஒரு கண்டுபிடிப்பு மற்றொன்றின் இடத்தைப் பெறுகின்றது. அதனை வேறொன்று பின்தள்ளுகின்றது. இறுதியில் நோயாளி நலம் பெறுகின்றான். அந்நோயாளி எங்கே கிடந்தான், அவனுடைய உடலில் எவ்வளவு குருதி இருந்தது, காயம்பட்ட இடத்திற்கும் அதனை மூடவல்ல கைக்கும் இடையே எத்தனை மைல் தொலைவு இருந்தது என்னும் வினாக்களுக்கு இவ்வகை வரலாற்றில் இடமில்லை.

பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு நோக்குவோருக்கு இவ்வினாக்களே முதன்மையானவையாகும். காயத்தை மூடும் வித்தைகள் இங்கு வந்து சேர்ந்த வரிசை, தொழிலாளரின் உடல் வேண்டிய வரிசையன்று. தோட்டத்தின் உழைப்பு முறை வேண்டிய வரிசையாகும். நனோப் பொருள்கள் எவ்வழியாக, எவர் பொருட்டு, எப்போது இங்கு வரும் என்பதைச் சிந்திப்பதற்கு இவ்வரிசையை அறிந்திருத்தல் இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஊவாவின் மலைச்சரிவுகளில் உடலைத் திறந்து குருதியை வெளிக்கொணரும் தொழிலை மிகத் தேர்ச்சியுடன் ஆற்றி வந்தது அட்டை என்று தொடங்கினால் அது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் வரலாற்றுச் சான்று அங்கிருந்தே தொடங்குகின்றது. இரசாயனவியலாளர் ஹம்பிரி டேவியின் தம்பியான ஜோன் டேவி, 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ மருத்துவராக இருந்தவர். ஊவாக் கிளர்ச்சி குருதியில் அமிழ்த்தப்பட்ட மறு ஆண்டில், அதாவது 1819இல், அவர் அப்பகுதியூடாகப் பயணம் செய்தார். 1821இல் வெளிவந்த அவரது நூல் இலங்கையின் உட்பகுதியிற் காணப்படும் தரை அட்டையை விரிவாக வருணிக்கின்றது. அவர் எடின்பரோவில் மருத்துவப் பட்டத்திற்கு எழுதிய ஆய்வேடு குருதியைப் பற்றியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அட்டை கடித்த வாயிலிருந்து குருதி ஏன் நெடுநேரம் நில்லாது கசிகின்றது என்பதற்கான விடை 1884இல் ஹேகிராப்ட் என்பவரால் முதலிற் சுட்டப்பட்டது. அட்டையின் வாயிற் சுரக்கும் பொருளொன்று குருதி உறைவதைத் தடுக்கின்றது. மழைக்காலத்தில் மடுல்சீமையிலும் நமுனுகுலவிலும் கொழுந்து எடுக்கும் பெண், காலிற் சவர்க்காரத்தையோ சுண்ணாம்பையோ பூசிக்கொண்டு மலையேறுவது இவ்விரசாயனத்திற்கு எதிரான நாளாந்தப் போராட்டமேயாம். வலியின்றி, சிறு வாயில் வைத்து, தான் வேண்டியதைப் பெற்றுக்கொண்டு அட்டை நீங்கிவிடுகின்றது. குருதியை நிறுத்தும் பொறுப்பு கடிபட்டவருடையது.

காயத்தைத் தைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், பரணர் பாடிய 42ஆம் பாட்டு, போர்ப்புண்ணைத் தைக்கும் நெடிய ஊசி புண்ணுட் புகுந்து வெளிவருவதை, மீனுக்காகக் குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையோடு ஒப்பிடுகின்றது. உவமையின் நுட்பம் கண்டு வியப்போர் பலர். கண்ணால் நேரிற் கண்ட ஒருவனாலன்றி அவ்வாறு பாட இயலாது என்பது எனது கருத்து. சுசுருதர் குடற் காயத்தின் இரு விளிம்புகளையும் கறுத்த பெரிய எறும்புகளைக் கடிக்கவைத்து மூடும் முறையைக் கூறுகின்றார். அவை மன்னனின் போர்வீரனுக்குரியவை. கத்தியாலும் மண்வெட்டியாலும் வெட்டுண்ட உழவனின் புண்ணுக்கு வெட்டுக்காயப் பூண்டின் சாறும் மஞ்சளும் சுண்ணாம்புமே எஞ்சின. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே நடந்து வந்த மக்கள் கொண்டுவந்த மருத்துவம் இதுவே.

மேலை மருத்துவத்தின் சத்திர சிகிச்சை நூல் தமிழில் வெளிவந்ததும் இக்காலத்தேயாகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் தமிழ்மொழி மூலம் மருத்துவம் கற்பித்தார். அவரது முயற்சியால் 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. கிருமிநீக்கி முறையால் புண் சீழ்கொள்ளாது தடுக்கலாம் என்று லிஸ்ரர் கிளாஸ்கோவிலிருந்து எழுதி வெளியிட்டதும் அதே 1867ஆம் ஆண்டிலேதான். புண்ணை மூடும் அறிவு உலகில் எந்நிலையில் நின்றதோ ஏறத்தாழ அந்நிலையில் அது தமிழிலும் கிடைத்தது என்பது வியப்பூட்டும் உண்மையாகும். ஆனால் அவ்வறிவு வடக்கிலே தமிழில் நிற்க, மலைநாட்டிலே தமிழர் புண்பட்டுக்கொண்டிருந்தனர். இரண்டையும் இணைக்கும் வீதி அமைக்கப்படவில்லை. மூன்றாண்டுகளின் பின், 1870இல், கொழும்பு வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டபோது போதனா மொழி ஆங்கிலமாயிற்று.

கோப்பித் தோட்டங்களில் மரணம் பெருகியதன் விளைவாக 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்து, செலவின் ஒரு பகுதியைத் தோட்டச் சொந்தக்காரரிடமிருந்து அறவிடுவதே அதன் சாரம். செலவு தமது தலையில் விழுகின்றது என்ற முறைப்பாட்டைத் துரைமார் பல தசாப்தங்களாக எழுப்பினர். சட்டமும் 1880இலும், பின்னர் 1912இலும் மாற்றி எழுதப்பட்டது. 1912இல் தொழிலாளரிடையே நோய் பற்றிய கட்டளைச் சட்டம் ஒன்றும் தோன்றி, தோட்டத்துரையின் கடமைகளை வரையறுத்தது. நோயாளி இச்சட்டங்களில் ஓர் உரிமையாளனாகவன்றி ஒரு செலவினமாகவே தோற்றுகின்றான்.

ஊவா 1886இலேயே தனி மாகாணமாயிற்று. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லுணுகலையிலோ மடுல்சீமையிலோ நடுத்தோட்டத்தில் உடைந்த எலும்பும் அறுந்த தசையும் அதுவரை கம்பளியிலும் தூளியிலும் சுமந்து செல்லப்பட்டன. தேயிலைப் பெட்டிகளுக்கு வண்டிப்பாதை முதலிலும், மனிதருக்கு அதன்பின்னும் கிடைத்தமை இங்கு மட்டும் நிகழ்ந்த ஒன்றன்று. பெருந்தோட்டப் பொருளாதாரம் வேரூன்றிய நாடுகள் பலவற்றிலும் காணப்படுவதே.

இவ்விடத்து இரு நுண்ணுயிர்களின் கதையை ஒருங்கே வைத்து நோக்குதல் பயன்தரும். கோப்பி இலை நோய் இலங்கையில் முதலிற் கண்டறியப்பட்டது 1869இல், இதே மடுல்சீமைப் பகுதியிலாகும். பங்கசு மாதிரி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலறிஞர் அதனை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இலைக்குக் கிடைத்த நுணுக்குக்காட்டி, இலையைப் பேணியவனின் குருதிக்கு அவ்வளவு விரைவிற் கிடைக்கவில்லை. தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரியான கின்ஸி 1887இல் இலங்கையின் குருதிச்சோகை அல்லது பெரிபெரி குறித்து அறிக்கையொன்றை வெளியிட்டார். இருவேறு நோய்களை ஒன்றாக மயக்கிய குறை அதில் இருந்தது எனினும், கொழுக்கிப் புழுவுக்கும் சோகைக்கும் உள்ள தொடர்பு அரசாங்க ஏட்டில் இடம்பெற்றுவிட்டது. புழுவை ஒழிக்கும் ஒழுங்கான இயக்கமோ 29 ஆண்டுகளின் பின், 1916இலேதான், றொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கி ஏனைய மலைநாட்டுப் பகுதிகளுக்குப் பரவியது.

பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோர் உடலிற் புழு இருந்தமை அவ்வியக்கத்திற் புலனாயிற்று. மருந்து கொடுப்பதைத் துரைமார் பொதுவாக வரவேற்றனர். மருந்து உழைப்பு நாள்களைக் கூட்டும். மலகூடம் கட்டுவதற்கு அத்துணை ஆர்வம் இருக்கவில்லை. அது செலவைக் கூட்டும். எனவே குடலிலிருந்து வெளியேறிய புழுவின் குஞ்சு, லயத்தின் பின்னே ஈரமண்ணிற் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் உட்புகுந்தது. றொக்பெல்லர் இயக்கத்தை விரிவாக ஆராய்ந்த சோம ஹேவாவின் 1995ஆம் ஆண்டு நூல் இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது.

சத்திர சிகிச்சை வரலாற்றிற் கொழுக்கிப் புழுவுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். குடற்சுவரைக் கவ்வி, குருதி உறையாதிருக்கும் பொருளை அட்டையைப் போன்றே சுரந்து, ஒவ்வொரு புழுவும் நாள்தோறும் சில துளிப் பின்னங்களை வெளியேற்றுகின்றது. அத்தகைய புழுக்கள் நூற்றுக்கணக்கில் இருப்பின் அஃது ஆறாத ஓர் உட்காயமே. மேலும், குருதிச்சோகை உள்ள உடலில் வெட்டுக்காயத்திலிருந்து குருதி நிற்கும் நேரமும் நீளுகின்றது. செங்குருதிக் கலங்கள் செறிந்திருக்கும்போது, உறைதலுக்கு வேண்டிய குருதிச் சிறுதட்டுகள் கலனின் சுவரோரத்திற்குத் தள்ளப்படுகின்றன. அவை அருகும்போது அத்தள்ளுதலும் தளருகின்றது. எனவே மற்றவருக்குச் சிறிதான குருதியிழப்பு இவர்களுக்குப் பெரிதாகின்றது. அவ்விழப்பு நெடுநேரம் தொடரவும் செய்கின்றது. பிரசவத்தின்போது இதன் பொருள் யாது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வேலைத்தலக் காயங்கள் பற்றிச் சுருங்கக் கூறலாம். கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடியின் முதிர்ந்த கிளையை ஒரே வீச்சில் வெட்டுமாறு தீட்டப்படுவது. கை தவறினால் முழங்காலையும் கணுக்காலையும் அவ்வாறே வெட்டும். கான் வெட்டுவோரின் கால்விரல்களும், தொழிற்சாலை ரோலரில் அகப்பட்ட கைவிரல்களும் தோட்டத்து மருந்துசாலைக்கு வந்தன. தொழிலாளர் 'டாக்டரையா' என்றழைத்த மருந்தாளரிடம் அயடீனும் பஞ்சும் கட்டுத்துணியும் சில தையல் ஊசிகளும் இருந்தன. அதற்கு மேற்பட்டவை பதுளைக்கு அனுப்பப்பட்டன. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இழந்த விரலுக்கும் கைக்கும் காலுக்கும் உழைக்கும் ஆற்றலின் வீதாசாரத்தில் விலை குறித்தது. விரலை மீள ஒட்டும் வித்தை வருமுன்னரே விரலின் விலைப்பட்டியல் வந்துவிட்டது.

சுதந்திர இலங்கையின் சுகாதார சாதனைகள் உலகறிந்தவை. அரச வைத்தியசாலைகளில் 1951 முதல் சிகிச்சை இலவசமாயிற்று. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் அன்றாட மருத்துவம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டது. இலவச சுகாதார அரசு தோட்டத்தின் எல்லைக் கல்லில் வந்து நின்றது என்று கூறுவது மிகையாகாது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் முயற்சி 1990களில் தொடங்கி, ஒரு பகுதியை மட்டும் தழுவி, இழுபறியாகத் தொடர்ந்தது.

இனி, சிறு துவாரத்தினூடாகச் செய்யும் சத்திர சிகிச்சைக்கு வருவோம். உடலைப் பெரிதாகத் திறவாது உள்நோக்கும் கருவியைக் கொண்டு 1901இல் கெலிங் என்பவர் ஜேர்மனியில் ஒரு நாயின் வயிற்றறையை நோக்கினார். 1910இல் சுவீடனில் யாக்கோபேயஸ் மனித உடலில் அதனைச் செய்தார். 1985இல் ஜேர்மனியில் முஹே பித்தப்பையை இவ்வழியே அகற்றினார். மருத்துவ வரலாறு கூறும் பாதை இது. மலையகத் தோட்டப் பெண்கள் சிறு கீறற் சத்திர சிகிச்சையைப் பெருந்தொகையாகச் சந்தித்தது பித்தப்பைக்காகவன்று, குடலிறக்கத்திற்காகவுமன்று, கருத்தடைக்காகவேயாகும். அடிவயிற்றிற் சில சென்ரிமீற்றர் நீளக் கீறலிட்டுக் கருக்குழாயைக் கட்டி வெட்டும் முறையை அவர்கள் 'எல்.ஆர்.டி.' என்னும் ஆங்கில எழுத்துகளாலேயே அறிந்துகொண்டனர். 1980இல் இதற்கு அரசாங்கப் பணக்கொடுப்பனவு அறிமுகப்படுத்தப்பட்டு 500 ரூபா வரை உயர்த்தப்பட்டது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு அத்தொகை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்துறையில் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் வீதம் தேசிய வீதத்தின் இருமடங்குக்கு மேலாக இருந்து வந்துள்ளது. தற்காலிக முறைகள் பற்றிய விளக்கமும் தேர்வும் அவர்களுக்கு வழங்கப்பட்டனவா என்ற வினாவை மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் வெளியிட்ட கட்டுரை கூர்மையாக எழுப்பியது.

இதனை ஒரு சதி என்று மட்டும் கூறி நகர்ந்துவிடுதல் எளிது. பல பெண்கள் தாமே விரும்பி அதனைச் செய்துகொண்டனர் என்பதும், தொடர்பிரசவத்தால் உடல் நலிந்தோருக்கு அது ஆறுதலாய் அமைந்தது என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. எனது கருத்து வேறொன்றைப் பற்றியது. மலைச்சரிவு, தொலைவு, வண்டியின்மை, மொழித் தடை ஆகிய யாவும் குருதிப்பெருக்குற்ற தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும்போது தடைகளாக நின்றன. அதே தடைகள் கருத்தடைக்குப் பெண்களைக் கொண்டுசெல்லும்போது லொறி ஏற்பாட்டுடன் நீங்கின. எனவே தொழினுட்பம் மலையேற முடியாததன்று. எவருடைய தேவை அதனை அழைக்கின்றது என்பதே கேள்வி.

இப்பின்னணியில் நனோப் பொருள்களை நோக்கலாம். இழையத்தை ஒட்டும் முயற்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. குருதி உறையும்போது உண்டாகும் பைபிறின் என்னும் புரதத்தைத் தூளாக்கிக் குருதியை நிறுத்த 1909இல் பேர்கல் முயன்றார். 1940இல் யங், மெடவார் ஆகியோர் அறுந்த நரம்பை அதனால் ஒட்டினர். கொடக் நிறுவனத்தில் 1942இல் எதிர்பாராது தோன்றிய சயனோவக்கிரிலேற்றுப் பசை, வியற்நாம் போரிற் காயமுற்ற அமெரிக்கப் போர்வீரரின் உடலிற் குருதி நிறுத்தும் பொருட்டுத் தெளிக்கப்பட்டது. போரே இங்கும் முதலில் வந்தது. பரணர் காலத்திலிருந்து இதில் மாற்றம் குறைவு. பைபிறின் பசை ஐக்கிய அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது. மனிதக் குருதியிலிருந்து பெறப்படுவதால் அதன் விலை அதிகம்; குளிரூட்டிப் பேணவும் வேண்டும். சயனோவக்கிரிலேற்று இறுகும்போது வெப்பம் விடுகின்றது. உள்ளுறுப்புகளின் மென்மைக்கு அது பொருந்துவதில்லை.

2014இல் பாரிசில் லுட்விக் லைப்ளரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இவ்விடர்ப்பாட்டை வேறு திசையிலிருந்து அணுகியது. அவர்கள் பசை எதனையும் ஆக்கவில்லை. சிலிக்கா நனோத் துணிக்கைகள் மிதக்கும் நீர்க்கரைசலின் ஒரு துளியை இரு மென்பரப்புகளுக்கிடையே இட்டு அழுத்தினர். மென்பரப்பிலுள்ள நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் துணிக்கையின் மேற்பரப்பிற் பற்றிக்கொள்கின்றன. ஒரு துணிக்கையை இரு பக்கச் சங்கிலிகளும் பற்றுவதால் அது பாலமாகின்றது. இழுக்கப்படும்போது ஒரு பற்று விடுபட்டாலும் மற்றொன்று உண்டாவதால் விசை சிதறிப் போகின்றது, ஒட்டு அறுவதில்லை. கன்றின் ஈரல் துண்டுகள் இவ்வாறு ஒட்டப்பட்டன. எலிகளின் தோற்காயம் மூடப்பட்டது. ஈரலின் குருதிப்பெருக்கு நிறுத்தப்பட்டது. ஊசியும் நூலும் வெப்பமும் இங்கு வேண்டப்படவில்லை. அதற்கு முன்னர், 2006இல், எலிஸ்-பெங்கேயும் அவருடன் ஆய்ந்தோரும் பெப்ரைட்டுக் கரைசலொன்று காயத்திற் பட்டவுடன் நனோ நார்களாகத் தானே பின்னிக்கொண்டு 15 செக்கனுக்குட் குருதியைத் தடுப்பதைக் கொறிவிலங்குகளிற் காட்டினர். இவ்வகைக் கரைசலொன்று இன்று அகநோக்கியின் குழாய்வழியே செலுத்தப்பட்டு, இரைப்பை, குடல் ஆகியவற்றின் குருதிப்பெருக்கை நிறுத்தப் பயன்படுகின்றது.

நமது வரலாற்றுக்கு இதில் முக்கியமானது யாதெனின், இவ்விருவகைப் பொருள்களும் பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குருதியுறைவுத் தகைமையிற் தங்கியிருப்பதில்லை. அவை கட்டும் அணை புறத்திலிருந்து வருவது. குருதிச்சோகை நலிந்த உடலுக்கு இதனைவிடப் பொருத்தமான இயல்பு ஒன்றைக் கேட்டிருக்க முடியாது. தையலிடும் பயிற்சி பெற்ற கை அருகில் இல்லாதபோதும், அழுத்திப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடத்திற் செய்யத்தக்கது என்பதும் கருதற்குரியது. பசறைக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வளைவு வீதியையும், அவ்வீதியை வந்தடையத் தோட்டத்துள்ளே கடக்கவேண்டிய கற்பாதையையும் அறிந்தோருக்கு இந்நிமிடத்தின் பெறுமதி புரியும்.

வழிகாட்டும் பொருள்களின் நிலை சற்று வேறானது. 1959 முதல் மருத்துவத்திற் பயின்றுவரும் இந்தோசயனின் பச்சை என்னும் சாயம், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை அண்டிய ஒளியில் மிளிர்ந்து, குருதிக்கலன்களையும் பித்தக் குழாயையும் திரையிற் காட்டுகின்றது. இதுவும் கொடக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் தோன்றியதே. நிழற்படத் தொழில் சத்திர சிகிச்சைக்குப் பசையையும் விளக்கையும் ஒருங்கே அளித்தமை ஒரு தனிக் கட்டுரைக்குரிய பொருள். இச்சாயம் உடலில் விரைவில் நீங்கிவிடும். நனோத் துணிக்கைகள் நெடுநேரம் நிலைத்து நிற்பவை. 2004இல் பவெண்டி முதலியோர் குவாண்டப் புள்ளிகளைப் பன்றியின் உடலிற் செலுத்தி, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்த நிணநீர்க் கணுவைத் தோலுக்கு மேலிருந்தே கண்டு அகற்றினர். குவாண்டப் புள்ளிகளின் பொருட்டுப் பவெண்டி 2023இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவற்றிலுள்ள கட்மியத்தின் நச்சுத்தன்மை அவை மனித உடலுட் புகத் தடையாக உள்ளது. இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள் இரு தொழில்களையும் இணைக்கின்றன: இழையத்தை ஒட்டவும் செய்யும், காந்தப் படத்திற் புலப்படவும் செய்யும். ஆனால் வழிகாட்டும் பொருளுக்குக் கமெராவும் திரையும் அறையும் மின்சாரமும் அவற்றை இயக்குவோரும் வேண்டும். அது மாகாணத் தலைநகரிலுள்ள பதுளைப் போதனா வைத்தியசாலை போன்ற இடத்திற்குரியது. ஒட்டும் பொருளோ தோட்டத்து மருந்துசாலையின் அலுமாரியிலும் இருக்கத்தக்கது. இரண்டையும் ஒரே 'முன்னேற்றம்' என்று பேசுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

இலங்கையில் நனோ ஆய்வு தொடங்கிய முறையும் நோக்கற்பாலது. அரசும் தனியார் கம்பனிகளும் கூட்டாக 2008இல் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தை அமைத்தன. அதிற் பங்கெடுத்த கம்பனிகளுள் ஒன்றான ஹேலிஸ், தேயிலைத் தோட்டக் கம்பனிகளையும் தன்னகத்தே கொண்டது. நிறுவகத்தின் புகழ்பெற்ற ஆக்கங்களுள் ஒன்று யூரியாவை மெல்ல வெளிவிடும் நனோ உரமாகும். அதன் நெல்வயற் பரிசோதனைகள் 2017இல் வெளியிடப்பட்டன. யூரியாவைத் தாங்கும் பொருள் ஐதரொட்சியப்பரைற்று, அதாவது நமது எலும்பிலுள்ள கனிப்பொருள். எலும்பின் பொருள் முதலிற் பயிருக்குச் சென்றது. இதில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. உரத்திற்குச் சந்தை உண்டு, மலையகத்துக் காயத்திற்கு இல்லை. பதுளையில், பசறை வீதியில், 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழினுட்பம் ஒரு பாடநெறியாகக் கற்பிக்கப்படுகின்றது. இழைய ஒட்டுப்பொருள் ஆய்வுக்கு அது அயலானதன்று. ஏனெனில் இத்துறையின் மிகச் சுவையான செய்தி தேயிலையையே தொட்டு நிற்கின்றது.

தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான தனின் வகைப் பொருள்கள் புரதத்தைப் பற்றி இறுக்கும் இயல்புடையவை. 1925இல் டெற்றோயிற் நகரில் டேவிட்சன் என்பவர் தனிக் அமிலத்தைத் தீக்காயங்களிற் பூசி மேலோடு உண்டாக்கும் முறையை அறிமுகப்படுத்தினார்; ஈரலுக்குத் தீங்கு விளைத்தமையால் 1940களில் அது கைவிடப்பட்டது. 2015இல் தென்கொரியாவில் ஹேஷின் லீயின் குழுவினர் அதே தனிக் அமிலத்தைப் பொலியெதிலீன் கிளைக்கோலுடன் கலந்து, ஈரப்பரப்பிலும் பற்றும் மருத்துவப் பசையொன்றை ஆக்கி, அது குருதியை நிறுத்துவதையும் காட்டினர். இதற்குமுன் 2009இல் ஐக்கிய அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில், கர்நாடகத்தைச் சேர்ந்த கட்டி என்பவரின் குழு, நச்சு இரசாயனங்கள் ஏதுமின்றித் தேயிலைச் சாற்றைக் கொண்டே பொன் நனோத் துணிக்கைகளை ஆக்கியிருந்தது. கொழுந்து எடுப்பவரின் விரல் நுனிகளிற் கறுத்து நிற்கும் கறையும் இப்பற்றுதலின் விளைவே.

எனினும், இப்பொருள்களின் வருகையை வெறும் மகிழ்ச்சியுடன் எதிர்நோக்க இயலாது. அறையும் கருவியும் தேர்ந்த மருத்துவரும் இல்லாத குறையை ஒரு துளிக் கரைசல் ஈடுசெய்யும் என்று கூறி, அவற்றை அமைக்கும் பொறுப்பிலிருந்து நழுவுதல் நிருவாகத்திற்கு எளிது. மலகூடத்திற்குப் பதிலாகப் புழு மருந்து கொடுத்த அதே தருக்கம் இது. குருதி நின்றதன்பின்னரும் அறுந்த நரம்பும் நாணும் தேர்ந்த கையை வேண்டி நிற்கும். சிலிக்காவும் இரும்பும் உடலில் எவ்வாறு நீங்குகின்றன என்பதை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். தொடர்ந்து பார்ப்பதற்கு வேண்டிய மருத்துவ ஏடுகளும் மீண்டும் சந்திக்கும் மருத்துவரும் தோட்டப்புறத்திலேயே மிக அரியர். மேற்கூறிய பரிசோதனைகள் பெரும்பாலும் நலமான விலங்குகளிற் செய்யப்பட்டவை. குருதிச்சோகை உள்ள உடலில், ஈரமும் சேறும் படிந்த காயத்தில், மணிக்கணக்கிற் பிந்திய நிலையில் அவை எவ்வாறு தொழிற்படும் என்பதே நமக்கு வேண்டிய பரிசோதனை. இக்கேள்வியை நமது பல்கலைக்கழகங்களன்றி வேறெவரும் முதலிற் கேட்கப்போவதில்லை.

அதற்கு ஒரு தொடக்கமாக, ஊவாத் தோட்டங்களின் மருந்துசாலைப் பதிவேடுகளைத் திரட்டலாம். எந்தக் காயம், எந்த மாதத்தில், எந்த வேலையில், பதுளைக்கு அனுப்பப்பட்டதா, எத்தனை நாளிற் பேர் மீண்டும் செக்ரோலில் ஏறியது என்பவற்றை அவை கூற வல்லன. நிருவாகங்கள் கைமாறும்போதும் பழைய கட்டடங்கள் இடிக்கப்படும்போதும் இத்தகைய ஏடுகளே முதலிற் கரையானுக்கு இரையாகின்றன. பசறை, லுணுகலை, மடுல்சீமை ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற மருந்தாளரையும் மருத்துவச்சிகளையும் கண்டு அவர்தம் நினைவுகளையும் உடன் பதிவுசெய்தால், ஒரு விடுமுறைக் காலத்தில் மாணவர் சிலரால் முடிக்கத்தக்க பணியே இது.